கடல் முன்னால் இருக்க, குளம் எதற்கு?

கடலோர ஊர்களின் விளையாட்டு வசதி, நீச்சல் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பகுதி அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராகவும் நீச்சல் பயிற்சியாளராகவும் இருந்து ஓய்வு பெற்றவர்.

டீச்சர், எங்கள் தெரு கடலிலிருந்து 200 அடி. ஊரில் நீச்சல் குளம் கட்டச் சொல்லி இளைஞர்கள் மனு எழுதுகிறார்கள். மீனவனுக்கு நீச்சல் குளமா? அந்தக் காசில் வலை பின்னும் கூடம் கட்டலாமே? கோபத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே புரியவில்லை.
— வாசகர், பழையாறு பக்கம்

ஐயா, நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்கு முன் நீங்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். உங்கள் தெருவில் பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளில் நீந்தத் தெரிந்தவர்களை எண்ணுங்கள். பையன்கள் நிறையப் பேர் வருவார்கள். பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? நான் வேலை பார்த்த ஒவ்வொரு கடலோரப் பள்ளியிலும் முதல் நாள் இதைத்தான் கேட்பேன். கை தூக்கும் பெண்கள் ஒருவரோ இருவரோ. பல வகுப்புகளில் ஒருவரும் இல்லை.

நான் பிறந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் அலை தெரியும். என் அண்ணன்மார் இரண்டு பேரும் ஐந்து வயதில் கட்டுமரத்தைப் பிடித்துத் தொங்கினார்கள், ஆறு வயதில் நீந்தினார்கள். அவர்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. அப்பா தூக்கிப் போட்டார், நீந்திக் கரைக்கு வந்தார்கள். எனக்கு அந்தக் கடல் முழங்கால் வரைதான். மீன் கூடையைக் கழுவுவேன், அம்மாவோடு கரையில் காத்திருப்பேன், அவ்வளவுதான். நான் நீந்தக் கற்றது 23 வயதில், உடற்கல்விப் படிப்புக்காகப் போன ஊரில். பக்கத்தில் கடலே இல்லாத ஊர் அது. முதல் நாள் இடுப்பளவுத் தண்ணீரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, கூடப் படித்த கோயம்புத்தூர்ப் பெண், "நீ கடற்கரைக்காரிதானே?" என்று கேட்டாள். அவள் கேலியாகக் கேட்கவில்லை, அவளுக்கு உண்மையிலேயே ஆச்சரியம்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் என் சித்தி போனார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை. ஆண்களில் பலர் நடுக்கடலில் இருந்தார்கள். அங்கே அலை அவர்கள் படகுக்கு அடியில் போனதே தெரியவில்லை. பெண்கள் மீன் வரும் என்று கரையில் நின்றார்கள். கடலூர் மாவட்டத்தில் இறந்தவர்களில் பெண்கள் 391, ஆண்கள் 146 என்று ஆக்ஸ்ஃபாம் அமைப்பு அடுத்த ஆண்டு வெளியிட்ட அறிக்கை சொன்னது. நீச்சல் தெரிந்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். அந்தத் தண்ணீரில் நல்ல நீச்சல்காரனும் அடிபட்டான். புடவையும் கூந்தலும் கருவேல முள்ளில் சிக்கிப் போனவர்களும் உண்டு. ஆனால் தண்ணீர் வடிந்து இழுத்துப் போனபோது ஒரு மரப் பலகையைப் பிடித்து மிதக்கத் தெரிந்தவர்கள், அரை மணி நேரம் முகத்தை மேலே வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் சிலர் திரும்பி வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்.

அதனால்தான் குளம் கேட்கிறேன். கடல் கற்றுக்கொடுக்கிற இடம் இல்லை, ஐயா. அது ஏற்கெனவே தெரிந்தவனைப் பழக்குகிற இடம். பயந்த பிள்ளைக்கு, அதிலும் ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தண்ணீரில் இறங்கக் கூச்சப்படுகிற பெண் பிள்ளைக்கு, தரை தெரிகிற, அலை இல்லாத, சுற்றுச்சுவர் உள்ள தண்ணீர் வேண்டும். பையன்களிலும், அப்பா கடலுக்குப் போவதை விட்டுத் திருப்பூருக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்போது நீந்தத் தெரிவதில்லை. என் கடைசிப் பத்து வருட வேலையில் அந்த எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது.

வலை பின்னும் கூடம் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். அதை மீன்வளத் துறையிடம் கேளுங்கள். குளத்தை விளையாட்டுக்கான நிதியில் கேளுங்கள். ஒன்றைக் காட்டி ஒன்றை வெட்ட விடாதீர்கள்.

எங்கள் ஊராட்சியில் விளையாட்டு வசதிக்குப் பணம் வரும் போல இருக்கிறது. ஒலிம்பிக் அளவில் 50 மீட்டர் குளம் கட்டினால்தான் மதிப்பு என்று ஊரில் ஒரு சாரார் சொல்கிறார்கள். என்ன கட்டலாம்? எவ்வளவு செலவாகும்?
— ஊராட்சித் தலைவி, நாகப்பட்டினம் மாவட்டம்

தலைவி அம்மா, கட்டும் செலவைப் பொறியாளர் சொல்வார். அவர் சொல்லாத செலவை நான் சொல்கிறேன்.

முதலில் தண்ணீர். 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் என்றால் 25 லட்சம் லிட்டர் பிடிக்கும். 12,000 லிட்டர் லாரியில் அடித்தால் 208 லாரி. சித்திரை மாதத்தில் குடத்தோடு குழாயடியில் நிற்கிற பெண்கள் முன்னால் 208 லாரித் தண்ணீரை ஒரு குளத்தில் கொட்ட உங்களுக்கு மனம் வருமா? எனக்கு வராது. கரையோர நிலத்தடி நீரை மோட்டார் வைத்து உறிஞ்சினால், அடுத்த வருடம் சுற்றியுள்ள கிணறுகள் எல்லாம் உப்பாகிவிடும்.

25 மீட்டர் நீளம், ஆறு வழித்தடத்துக்கு 15 மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் போதும். இது 5 லட்சத்து 62 ஆயிரம் லிட்டர், 47 லாரி. அதோடு ஒட்டினாற்போல் 12.5 மீட்டருக்கு 6 மீட்டரில், தொடையளவு ஆழத்தில் ஒரு பயிற்சித் தொட்டி. அது வெறும் 56 ஆயிரம் லிட்டர்தான். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் தயங்காமல் சின்னத் தொட்டியைக் கட்டுங்கள். ஊரின் பிள்ளைகள் பயத்தை விடுவது அந்தத் தொட்டியில்தான். பதக்கம் வாங்கப் போகிற பிள்ளை பத்தாயிரத்தில் ஒன்று வரும். அதை நாம் பஸ் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பலாம். 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய வேளச்சேரி நீச்சல் வளாகம் இருக்கிறது.

ஒருமுறை நிரப்பிய தண்ணீரை நல்ல மணல் வடிகட்டியும் குளோரினும் இருந்தால் வருடக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். வெயிலில் ஆவியாகிற தண்ணீரையும், வடிகட்டியைக் கழுவும்போது போகிற தண்ணீரையும் மட்டும் ஊற்றினால் போதும். நம் பக்கத்து வெயிலுக்கும் காற்றுக்கும் நாளைக்கு 6 மில்லிமீட்டர் போகும் என்று வைத்தால், 25 மீட்டர் குளத்தில் 2,250 லிட்டர். உடை மாற்றும் அறைகளின் கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் சேர்த்தால் அதில் ஒரு பங்கு கிடைத்துவிடும்.

அப்புறம் சம்பளம். இதில்தான் எல்லாக் குளமும் சாகிறது. இரண்டு பயிற்சியாளர் வேண்டும், ஒருவர் கட்டாயம் பெண். இரண்டு உயிர்காப்பாளர், அதிலும் ஒருவர் பெண். வடிகட்டி ஓட்ட ஒருவர், சுத்தம் செய்ய ஒருவர். ஆறு பேர். ஆளுக்கு மாதம் 18,000 என்று வைத்தால் 1,08,000 ரூபாய். பத்துக் குதிரைத்திறன் மோட்டார் நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் 90 யூனிட், மாதம் 2,700. யூனிட் 9 ரூபாய் என்றால் 24,300. குளோரின், தண்ணீர்ச் சோதனை, சில்லறைப் பழுதுக்கு ஒரு 25,000. மொத்தம் மாதம் 1,57,300. வருடத்துக்கு ஏறக்குறைய 19 லட்சம்.

இந்த 19 லட்சத்தைக் கேட்டதும் கூட்டத்தில் எல்லாரும் பின்வாங்குவார்கள். அப்போது இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். பயிற்சியாளர் ஒருவருக்குப் பத்துப் பிள்ளை, ஒரு வகுப்புக்கு இருபது. நாளைக்கு ஆறு வகுப்பு: விடிகாலை இரண்டு, பள்ளிகள் உடற்கல்விப் பாடவேளையில் அழைத்து வருகிற இரண்டு, மாலை இரண்டு. பன்னிரண்டு நாள் ஒரு சுற்று. வருடத்தில் 20 சுற்று நடத்தினால் 2,400 பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு 800 ரூபாய்கூட ஆகவில்லை. ஒரு பள்ளிப் பையும் காலணியும் வாங்குகிற விலையில் ஒரு பிள்ளை ஆயுளுக்கும் மிதக்கக் கற்றுக்கொள்கிறது. உங்கள் ஊராட்சி தனியாக இதைச் சுமக்க முடியாது, அது எனக்குத் தெரியும். அக்கம்பக்கத்து நான்கு ஐந்து ஊராட்சிகளும் பள்ளிகளும் சேர்ந்து ஒரு குளம் என்று பேசுங்கள். பராமரிப்புத் தொகை எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று எழுத்தில் இல்லாவிட்டால் அடிக்கல் நாட்டுவிழாவுக்குச் சம்மதிக்காதீர்கள்.

இடத்தையும் பாருங்கள். 2019 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கைப்படி, கிராமப் பகுதியில் உயர் அலைக்கோட்டிலிருந்து, அதாவது பெரிய ஏற்றத்தின்போது கடல் நீர் ஏறி வரும் எல்லையிலிருந்து, 200 மீட்டர் வரை கட்டுமானம் கூடாது. சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் நெருக்கமான ஊர் என்றால் 50 மீட்டர். கடல் தெரிகிற மாதிரி கட்டினால் அழகு என்று ஆசைப்பட்டு, பிறகு அனுமதிக்கு அலையாதீர்கள். உப்புக் காற்றுக்கும் தள்ளிப் போவதே நல்லது. ஏணி, கைப்பிடி எல்லாம் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகில் கேளுங்கள். சாதாரண இரும்புக்குச் சாயம் அடித்துக் கொடுத்தால் இரண்டு மழைக்காலம்கூடத் தாங்காது.

இன்னொன்று, என் கண்ணால் பார்த்தது. நான் இருந்த ஓர் ஊரில், பேர் வேண்டாம், புதுக் குளம். மூன்றாவது வருடம், ஐப்பசி மழையில், பாசி பிடித்துவிட்டது என்று தண்ணீரை முழுக்க இறைத்துவிட்டார்கள். வெளியே நிலத்தடி நீர் மூன்று அடியில் நிற்கிறது. காலியான குளம் ஒரு படகு மாதிரிதான், அம்மா. சுற்றி நீர் ஏறினால் அது மிதக்கப் பார்க்கும். ஒரே வாரத்தில் அடித்தளம் ஒரு மூலையில் தூக்கிக்கொண்டு குறுக்கே விரிசல் விட்டது. அதற்குப் பிறகு அந்தக் குளத்தில் பிள்ளைகள் இறங்கவே இல்லை. மழைக்காலத்தில் குளத்தைக் காலி செய்யக் கூடாது என்று பராமரிப்பவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அடியில் நீர் அழுத்தத்தை விடுவிக்கும் வால்வு வைத்திருக்க வேண்டும், அதுவும் இல்லை. உங்கள் வரைபடத்தில் அந்த வால்வு இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன்னால் கேளுங்கள்.

ஆஸ்திரேலியாவில் கடற்கரைப் பாறையிலேயே குளம் கட்டி, கடல் தண்ணீரே வந்து நிரம்பிப் போவதைப் பார்த்தேன். குளோரின் இல்லை, லாரி இல்லை. நாமும் கல்லைக் கொட்டி அப்படிச் செய்தால் என்ன?
— பொறியியல் மாணவர், புதுச்சேரி

தம்பி, எனக்கும் மிகவும் பிடித்த விஷயம் இது. நியூ சவுத் வேல்ஸ் கரையில் அப்படி 60-க்கும் மேற்பட்ட குளங்கள் இருக்கின்றன. நியூகாசிலில் 1819-இல் கைதிகளைக் கொண்டு பாறையில் வெட்டிய குளத்தில் இன்றும் குளிக்கிறார்கள். இந்தக் குளங்களை உள்ளாட்சி மன்றங்கள் பராமரிக்கின்றன. பெரும்பாலானவற்றில் கட்டணம் கிடையாது. ஊர்ப் பணத்தில் ஊருக்கு நீச்சல் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் அங்கே இருப்பது பாறைக் கரை. நம் சோழமண்டலக் கரை மணல். அந்த மணல் நிற்பதும் இல்லை, வருடத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. குறுக்கே கல்லைப் போட்டால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரை அரிக்கும். சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம் பக்கம் நடந்தது அதுதான். உங்கள் ஊரிலேயே துறைமுகத்துக்கு வடக்கே இருந்த மணற்கரை எங்கே போயிற்று என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், அழாமல் சொல்ல மாட்டார்கள். ஓர் ஊரின் குளத்துக்காக அடுத்த ஊரின் வீடுகள் கடலுக்குள் போகக் கூடாது.

மலிவான வழி வேண்டும் என்றால் வங்கதேசத்தைப் பாருங்கள். அங்கே கிராமத்துக் குளங்களிலேயே மூங்கிலால் ஒரு மேடையும் தடுப்பும் கட்டி, அந்தத் தடுப்புக்குள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். 25 மீட்டர் நீந்த வேண்டும், 30 விநாடி மிதக்க வேண்டும், கரையில் நின்றபடி இன்னொருவரை மீட்கத் தெரிய வேண்டும். தேர்ச்சி என்பது அவ்வளவுதான். எந்த நீச்சல் பாணி என்று யாரும் கேட்பதில்லை. நம் ஊர்க் கோயில் குளங்களில், ஊரணிகளில், சுத்தமான நீரும் சேறு இல்லாத அடித்தளமும் இருக்கிற இடங்களில் இது நாளைக்கே தொடங்கக்கூடியது. நீங்கள் பொறியியல் மாணவர். கடலில் கல் கொட்டுவதைவிட, நம் குளங்களுக்குப் பொருந்துகிற, பிரித்து மாட்டக்கூடிய அந்த மேடையையும் தடுப்பையும் வடிவமைத்துக் கொடுங்கள். நான் வந்து அதில் இறங்கி நின்று பார்க்கிறேன்.

என் மகள் எட்டாம் வகுப்பு. நீச்சல் முகாமுக்குப் போக ஆசைப்படுகிறாள். அவள் அப்பா, 'என்ன உடுப்புப் போட்டுக்கொண்டு, யார் முன்னால்?' என்று கேட்கிறார். அவரைத் தப்புச் சொல்லவும் முடியவில்லை.
— ஒரு தாய், தொண்டி

அக்கா, அவர் கேட்டதை நானும் தப்பென்று சொல்ல மாட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்காத முகாம்தான் தப்பு.

முழுக்கையும் முழுக்காலும் மூடுகிற, உடம்போடு ஒட்டித் தொங்காத நீச்சல் உடை இப்போது கிடைக்கிறது. தலையை மூடும் தொப்பியும் அதோடு வருகிறது. ஆப்பிரிக்காவின் சான்சிபார் தீவில் முஸ்லிம் மீனவக் குடும்பத்துப் பெண்களுக்கு இப்படி முழு உடையில்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். சுடிதார் மட்டும் வேண்டாம். நனைந்தால் கனம், துப்பட்டா கழுத்தைச் சுற்றும். பள்ளியில் அதைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்க நான் யாரையும் விட்டதில்லை. உடை வாங்க முடியாத பிள்ளைகளுக்காக முகாமில் பத்து உடை பொதுவாக வைத்திருந்தேன், துவைத்துத் துவைத்துக் கொடுப்போம். குளம் கட்டுகிறவர்கள் அந்தச் செலவையும் திட்டத்தில் எழுத வேண்டும்.

பெண்களுக்கென்று தனி நேரம் கேளுங்கள். அந்த நேரத்தில் கற்றுக்கொடுப்பவர், உயிர்காப்பாளர், வாசலில் நிற்பவர் எல்லாரும் பெண்களாக இருக்க வேண்டும். இது ஏதோ நம் ஊரில் மட்டும் கேட்கிற சலுகை இல்லை. சிட்னியில் கூஜி கரையில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமான கடல் குளம் ஒன்று இருக்கிறது. 1922 முதல் பெண்கள் நீச்சல் சங்கமே அதை நடத்துகிறது. தாழ்ப்பாள் சரியாகப் போடக்கூடிய உடை மாற்றும் அறை, வெளியே தெரியாத சுற்றுச்சுவர், மாதவிலக்கு நாட்களில் 'இன்று வரவில்லை' என்றால் காரணம் கேட்காத டீச்சர். இத்தனையும் இருந்தால் அப்பாமார்கள் சம்மதிக்கிறார்கள். என் முகாம்களில் வேலியோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற அப்பாமார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பத்தாவது நாள் பிள்ளை தானாக மிதக்கும்போது திரும்பிப் பார்ப்பார்கள். முதல் நாள் நீங்களும் கூட வாருங்கள். படியில் உட்கார்ந்து காலை நனையுங்கள். பிள்ளைக்குப் பாதி பயம் போய்விடும்.

நீச்சல் பழக எந்த வயது சரி?
— வாசகர், கடலூர் முதுநகர்

ஆறு வயதுக்கு மேல் பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சலும் தண்ணீர்ப் பாதுகாப்பும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. என் அனுபவத்திலும் ஏழு எட்டு வயதில் வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். அதற்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு நீச்சல் வகுப்பை நம்பாதீர்கள். பெரியவர் ஒருவர் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருப்பதுதான் பாதுகாப்பு. 2021-இல் உலகில் சுமார் 3 லட்சம் பேர் மூழ்கி இறந்தார்கள். அதில் நாலில் ஒரு பங்கு ஐந்து வயதுக்குக் கீழே. வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு முதலில் மூடி போடுங்கள்.

என் மகன் அலைச்சறுக்கு, அலைச்சறுக்கு என்று கோவளத்தில் போய்க் கிடக்கிறான். படகு வாங்க வைத்திருக்கும் பணத்தில் பலகை வாங்கித் தா என்கிறான். இது ஒரு தொழிலா?
— மீனவர், செங்கல்பட்டு மாவட்டம்

அண்ணே, உங்கள் மகன் போய்க் கிடக்கிற கோவளத்தில் அலைச்சறுக்கை வளர்த்ததே ஒரு மீனவர்தான், மூர்த்தி மேகவன். 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் உலக அலைச்சறுக்கு லீக்கின் போட்டி நடந்தது, இந்தியாவில் முதல் முறையாக. 2025 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஷிப்பும் அங்கேயே நடந்தது. அதில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். டோக்கியோவிலிருந்து இது ஒலிம்பிக் விளையாட்டு. அதனால் பையனை உதவாக்கரை என்று நினைக்காதீர்கள். அலை எங்கே உடையும், எப்போது காற்று திரும்பும் என்று அவனுக்குத் தெரிவது நீங்கள் கொடுத்த சொத்து.

ஆனால் படகுப் பணத்தைத் தொட வேண்டாம். பலகை ஒரு குடும்பம் வாங்க வேண்டிய பொருள் இல்லை. ஊர் வாங்கிக் கிளப்பில் வைத்துப் பத்துப் பிள்ளைகள் மாறி மாறி ஓட்ட வேண்டிய பொருள். அரசு போட்டி நடத்தச் செலவழிக்கிறது, நல்லது. போட்டி முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு, அந்தக் கரையில் ஒரு பலகைக் கொட்டகையும், நல்ல தண்ணீரில் குளிக்க ஒரு குழாயும், முதலுதவி தெரிந்த ஒரு ஆளும் மிஞ்ச வேண்டும் என்று கேளுங்கள். பையன் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கட்டும். கூடவே உயிர்காப்பாளர் சான்றிதழும் வாங்கட்டும். பதக்கம் வந்தாலும் வராவிட்டாலும் கடற்கரையில் அவனுக்கு வேலை இருக்கும்.

மனுவை யாரிடம், எப்போது கொடுப்பது?
— இளைஞர் மன்றம், வேதாரண்யம் வட்டம்

தமிழ்நாட்டில் வருடத்தில் ஆறு நாள் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதில் தீர்மானமாக ஏற்றுங்கள். உங்கள் அம்மா, அக்காமார்களைக் கூட்டிக்கொண்டு போய் அவர்களைப் பேச வையுங்கள். தீர்மான நகலோடு சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி நிதிக்கும், நாடாளுமன்ற உறுப்பினர் நிதிக்கும், மாவட்ட விளையாட்டு அலுவலருக்கும் எழுதுங்கள். ஊரார் மூன்றில் ஒரு பங்கு போட முடிந்தால் நமக்கு நாமே திட்டத்திலும் கேட்கலாம். ஊர்ப் பஞ்சாயத்தார் வரி வைத்துக் கோயில் கட்டத் தெரிந்த நமக்கு அது பெரிய தொகை இல்லை.

கட்டடம் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். பள்ளிக்கும் அப்போதுதான் விடுமுறை. கடலில் முப்பது வருடம் கிடந்த ஆண்கள் வேலையில்லாமல் கரையில் இருக்கிறார்கள். அவர்களில் பொறுமையான ஆறு பேரைத் தேர்ந்து, பயிற்சி கொடுத்து, தினக்கூலி கொடுத்து, ஊர்க்குளத்தில் முகாம் நடத்துங்கள். கடைசி மூன்று நாள் பிள்ளைகளைக் கடலுக்குக் கொண்டுபோக அவர்களைவிட ஆள் யாரும் இல்லை. இழுத்துக்கொண்டு போகிற நீரோட்டத்தை எதிர்த்து நீந்தாமல், கரையை ஒட்டியபடி பக்கவாட்டில் நீந்தி அதைவிட்டு வெளியே வர வேண்டும் என்று புத்தகத்தில் நான் படித்தேன். அவர்கள் அந்த இழுப்பைத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே கை காட்டுவார்கள். கூலியை மட்டும் விட்டுவிடாதீர்கள். சேவை என்று சொல்லி மீனவன் உழைப்பை இலவசமாக வாங்கியது போதும்.

எங்கள் ஊரில் குளம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு வருடமாகப் பூட்டியே கிடக்கிறது. கேட்டால் 'மோட்டார் ரிப்பேர்' என்கிறார்கள். நாங்கள் பத்தாம் வகுப்பு மாணவர்கள். எங்களால் என்ன செய்ய முடியும்?
— மூன்று மாணவர்கள், ஒரு கடலோர நகராட்சி

கண்ணுங்களா, நிறையச் செய்யலாம். முதலில் ஒன்று: சுவர் ஏறிக் குதித்து உள்ளே போகாதீர்கள். ஓடாத குளத்தின் பச்சைத் தண்ணீரில் அடி தெரியாது. மூழ்கியவனை மேலே நிற்பவனால் பார்க்கவே முடியாது.

பெரியவர் ஒருவர் பெயரில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடச் சொல்லுங்கள். கட்டணம் 10 ரூபாய், முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். 'ஏன் மூடினீர்கள்' என்று கேட்காதீர்கள், அதற்கு விளக்கம்தான் வரும். காகிதத்தைக் கேளுங்கள். கடைசியாக எந்தத் தேதியில் மோட்டாரும் வடிகட்டியும் பழுது பார்க்கப்பட்டன, அந்த ரசீது நகல். கடந்த மூன்று நிதி ஆண்டுகளில் பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகை, செலவான தொகை. பயிற்சியாளர், உயிர்காப்பாளர் பணியிடங்கள் எத்தனை, அதில் நிரப்பியவை எத்தனை. தண்ணீர்ச் சோதனைப் பதிவேட்டின் கடைசிப் பத்துப் பக்கம்.

நான் பார்த்தவரை பாதி இடங்களில் மோட்டார் நன்றாகவே இருக்கும், அதை ஓட்டுகிற ஆளுக்குத்தான் சம்பளம் நின்றிருக்கும். பதில் வந்ததும் நகல் எடுத்து இந்த இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். நான் படித்துப் பார்த்து, அடுத்த மனுவை யாருக்கு எழுதலாம் என்று சொல்கிறேன்.